குடித்தாள் என்று எழுதினேன்

காலை ஆறரை மணி. மூடுபனி தேயிலைச் செடியின் இடுப்பு வரைக்கும் இறங்கி நிற்கிறது. பெரட்டுக் களத்தில், அதாவது ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் முற்றத்தில், ஒரு பெஞ்சு. பெஞ்சின் மேல் பித்தளை அண்டா. அண்டா நிறைய, மலைக்காய்ச்சல் வராமலிருக்கக் கொடுக்கும் கொயினாத் தண்ணீர். பக்கத்து வாளியில் பெர்மாங்கனேட் கரைத்த ஊதா நீர். அதில் அலசி அலசி எடுக்க இரண்டு கிளாஸ். பெஞ்சுக்குப் பின்னால் நான்.

எதிரே நூறு பேருக்கு மேல், கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். அத்தனை பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். ஒரு முகத்திலும் அன்பு இல்லை.

போன வாரம் அட்டைக்கடிக்கு நாங்கள் செய்த வைத்தியத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "இவ்வளவு ருசித்து எழுதுகிறீர்களே, அந்த வேலை உங்களுக்கு அவ்வளவு பிடித்திருந்ததா?" என்று கேட்டிருக்கிறார்.

பிடிக்கவில்லை. அந்தக் கதையை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

என் ஒரே தகுதி

இப்போது நர்ஸ் என்கிறார்கள். எங்கள் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அந்த வேலையைச் செய்கிறவனுக்கு டிரெசர் என்று பெயர். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன் என்று அர்த்தம். கட்டுப் போடுவது வேலையில் கால் பங்கு. மீதி முக்கால் பங்குக்கு ஆங்கிலத்தில் பெயர் இல்லை. தமிழில் இருக்கிறது, பத்திரிகையில் போட மாட்டார்கள்.

நான் சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து களை வெட்டும் கூட்டத்தோடு வண்டிப்பெரியாற்றுக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு வந்தவன். வந்த வருஷமே நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் வாந்திபேதி. படுத்தவர்கள் படுத்திருந்தார்கள். எழுந்து நடக்க முடிந்தவர்கள் ஓடிவிட்டார்கள். எனக்குப் போக இடம் தெரியாததால், சாம்பலைப் போட்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். துரை குதிரையை விட்டு இறங்காமலே எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். ரைட்டர் அதைத் தமிழில் சொன்னார்:

"வாந்தியைப் பாத்து வாந்தி எடுக்காத ஆளு இவன் ஒருத்தன்தான். ஆஸ்பத்திரியில போடச் சொல்லுதாரு."

என் படிப்பு, பயிற்சி, சிபாரிசு எல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான். மற்றதை மருந்துப் புட்டிகளின் லேபிளிலும், பஞ்சு சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாள்களிலும் படித்துக்கொண்டேன். எழுத்துக் கூட்டிப் படித்த காலத்தில் எனக்கு உலகமே கார்பாலிக் வாசனை அடித்தது.

டாக்டர் புதன்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் நான்தான். காய்ச்சல் என்று வருகிறவனுக்கு, அன்று வேலைக்குப் போக வேண்டாம் என்று சீட்டு எழுத வேண்டியவனும் நான். சீட்டுக் கொடுத்தால் கங்காணி முறைப்பார். கொடுக்காவிட்டால் வந்தவன் முறைப்பான். மழைக் காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து முறைப்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பார்கள். மத்தளத்துக்காவது தாளம் என்று ஒன்று இருக்கிறது.

கையிலிருந்து வாங்கப்பட்ட கரண்டி

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஊரில் நடந்தது.

என் மனைவி சண்முகவடிவின் தங்கைக்குக் கல்யாணம். பந்தியில் ஆள் குறைகிறதே என்று நான் பாயசக் கரண்டியை எடுத்தேன். மூன்று இலைக்கு ஊற்றியிருப்பேன். மைத்துனர் ஓடி வந்து கரண்டியை மரியாதையாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீங்க உக்காருங்க அத்தான். களைச்சிருப்பீய."

நான் களைக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் என் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் ஊற்றிய மூன்று இலைகளையும் பார்த்தேன். ஒருவர் பாயசத்தை இலை ஓரத்துக்குத் தள்ளி வைத்திருந்தார். மற்ற இரண்டு பேருக்கு நான் யாரென்று தெரியாது, நன்றாகச் சாப்பிட்டார்கள்.

மலைக்குத் திரும்பி, வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் சண்முகவடிவு சொன்னாள்: "வேற வேலையே ஒலகத்துல இல்லியா?"

அன்றைக்கு மனத்தில் விழுந்தது. வேறு வேலை. துணி தைக்கலாமா என்று யோசித்தேன். காயம் தைத்தவனுக்குச் சட்டை தைப்பது கஷ்டமா? ஆனால் காயத்துக்குப் போடுகிற தையல் பத்து நாளில் பிரிப்பதற்கு. சட்டையை அப்படித் தைத்துக் கொடுத்தால் அடிப்பார்கள்.

கொயினாவுக்கு ஒரு பழமொழி

பெரட்டுக் களத்துக்கு வருவோம். வாரத்தில் இரண்டு நாள் எல்லாரும் கொயினா குடித்தாக வேண்டும். குடித்தவர் பெயருக்கு நேரே நோட்டில் 'குடித்தார்' என்று நான் எழுத வேண்டும்.

கொயினாவின் கசப்பை எழுத்தில் சொல்ல முடியாது. வேப்பிலை அதற்குத் தங்கச்சி. ஜனங்கள் அதை வாயில் வாங்கிக்கொண்டு, கன்னம் உப்ப, பத்தடி நடந்து தேயிலைச் செடிக்குத் துப்பிவிடுவார்கள். களத்து ஓரத்துச் செடிகளுக்கு மலைக்காய்ச்சல் வந்ததே இல்லை.

எனக்கு முன்னால் இருந்த டிரெசர் வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுப் பார்ப்பாராம். இரண்டு முறை கடிபட்டிருக்கிறார். நான் வேறு வழி கண்டேன். குடித்ததும் ஒரு பழமொழி சொல்ல வேண்டும். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு யாரும் பழமொழி சொல்ல முடியாது. விழுங்கினால்தான் பேச்சு வரும்.

முதல் நாள் முன்னால் நின்றவர் "யானைக்கும் அடி சறுக்கும்" என்றார். பின்னால் நின்றவர்களில் நாற்பது பேர் அதையே சொன்னார்கள். நாற்பது யானை சறுக்கியதும் நான் சட்டம் போட்டேன்: ஒருவர் சொன்னதை அந்த வாரம் இன்னொருவர் சொல்லக்கூடாது.

அதன் பிறகு தோட்டமே மாறியது. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கருவாட்டுக்கு அடுத்தபடியாகப் பழமொழிதான் கேட்டார்கள். கொழுந்து எடுக்கும்போதே பெண்கள் நாளைக்கு எது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். எனக்கும் அந்த வேலையில் பிடித்த ஒரே நேரம் அதுதான். நல்லதாக ஒன்று வந்து விழுந்தால், வெல்லக்கட்டி வாயில் போட்ட மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன்.

பேச்சியம்மாள்

நல்லதாகச் சொல்கிறவர்களில் முதல் ஆள் பேச்சியம்மாள். கடையநல்லூர்ப் பக்கம். கொழுந்து எடுப்பவள். முப்பது வயதுக்குள் இருக்கும். அவள் இருக்கிற நிரையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். கங்காணி அந்தப் பக்கம் போனால் சத்தம் கூடும்.

அவள் பழைய சரக்குச் சொல்ல மாட்டாள். எனக்கென்றே செய்துகொண்டு வருவாள்.

"மழைக்கு ஒதுங்குனவன் கூரைக்குக் குத்தம் சொன்னானாம், டிரெசரய்யா."

இன்னொரு நாள்: "மேகம் பாத்து மாவு இடிச்சவ, மழை பாத்துக் கரைச்சுக் குடிச்சாளாம்."

ஒரு நாள் என்னையே பிடித்தாள்: "கலக்குதவன் கைதான் நோகும், குடிக்கவன் கொடல் எரியும், எழுதுதவன் பேருதான் ஊருக்குத் தெரியும்."

நான் கண்ணை மூடி, தலையை ஆட்டி, திறந்து, 'குடித்தாள்' என்று எழுதினேன்.

பஸ்காரர் கை

அப்போது மலைக்குப் பஸ் புதிது. வண்டிப்பெரியாற்றிலிருந்து குமுளி வழியாகக் கம்பத்துக்கு ஒன்று ஓடியது. அதன் முதலாளியும் டிரைவரும் வீரணன் என்ற ஒரே ஆள்தான். ஒரு நாள் காலையில் வண்டியைக் கிளப்ப முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றியபோது எஞ்சின் எதிர்த்து உதைத்து அவர் மணிக்கட்டை முறித்துவிட்டது. எங்கள் தோட்டத்து வாசலில் நடந்ததால் என்னிடம் வந்தார்.

டாக்டர் வர நான்கு நாள் இருந்தது. தேயிலைப் பெட்டிப் பலகையை இழைத்து வைத்து நானே கட்டினேன். பலகையில் பெட்டி எண் அச்சடித்திருந்தது. வீரணனையும் கப்பல் ஏற்றி லண்டனுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கடைவீதியில் கேலி செய்தார்களாம். கை நேராகக் கூடியது. கட்டுப் பிரித்த நாளில் விரலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"யோவ் டிரெசரு, என்னாய்யா இந்த எழவு வேலை? எங்கூடக் கண்டக்டரா வந்துருய்யா. எங்கிட்ட இருந்தவன் ஓடிப் போயிட்டான்."

"எனக்கு அந்த வேலை தெரியாதே."

"இதுல தெரியிறதுக்கு என்னா கெடக்கு? ஆஸ்பத்திரிக்கு வர்றவன் எல்லாம் அழுதுக்கிட்டு வர்றான். பஸ்ஸுக்கு வர்றவன் வெத்தலையப் போட்டுக்கிட்டு வர்றான். எது நல்லதுன்னு நீயே சொல்லு."

சண்முகவடிவிடம் கேட்டேன்.

"இப்ப வீட்டுக்கு வந்தா டிஞ்சர் நாத்தம் அடிக்கி. பஸ்ஸுக்குப் போனா பெட்ரோல் நாத்தம் அடிக்கும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, "ஆனா பெட்ரோல் கையால பாயசம் ஊத்தலாம்" என்றாள்.

பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய்ப் பார்ப்பது, பிடித்தால் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று.

தோல் பை

தோல் பையைத் தோளில் மாட்டியதும் முதுகு தானாக நிமிர்ந்தது. பஸ் வண்டிப்பெரியாற்றுக் கடைவீதியைத் தாண்டியது. முன் பெஞ்சில் எங்கள் தோட்டத்துக் கிழவர் ஒருவர். நான் எதிரே போய் நின்று கையை நீட்டினேன்.

கிழவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாயை ஆவென்று திறந்து காட்டி, மூடி, "விருந்தும் மருந்தும் மூணு நாளு" என்றார்.

"டிக்கெட்" என்றேன்.

அவருக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த பெஞ்சில் தாயும் மகளும். அவர்களும் எங்கள் தோட்டம்தான். தாய் வாயைத் திறந்தாள். மகள் பழமொழியே சொல்லிவிட்டாள். வருஷக்கணக்காக என் முகத்துக்கு நேரே செய்த காரியம். என் முகத்தைக் கண்டதும் வாய் அதுவாகத் திறந்துகொண்டது.

அதற்குப் பின்னால் கம்பத்து வெங்காய வியாபாரி ஒருவர். நாங்கள் யாரென்றே அவருக்குத் தெரியாது. முன்னால் நடப்பதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், நான் போய் நின்றதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் திறந்து காட்டினார். "அரைக் காசுக்குப் போன மானம் ஆயிரம் கொடுத்தாலும் வராது" என்றார். சொல்லி முடித்துவிட்டு, "இது திருவிதாங்கூர்ச் சட்டமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

வீரணன் திரும்பிப் பார்த்து, "என்னாய்யா நடக்குது அங்கிட்டு?" என்று கத்தினார். ஒன்றும் நடக்கவில்லை என்றேன்.

கடைசி பெஞ்சு மூலையில் பேச்சியம்மாள் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. காசை நீட்டிவிட்டு முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள்.

"ஊருக்கா பேச்சி?"

தலையை ஆட்டினாள். பேச்சு இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதுப் பையின் தோல் வாசனையில் இருந்தேன்.

நின்ற வண்டி ஆடியது

குமுளியில் திருவிதாங்கூர் எல்லைச் சௌக்கை. மலை இறங்குவதற்கு முன்னால் மூட்டை முடிச்சுகளைச் சோதனை போடுவார்கள். வீரணன் எஞ்சினை நிறுத்தினார். எல்லாரும் இறங்கினார்கள். வீரணன் இறங்காமல் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"எஞ்சின் நின்னுருச்சு. வண்டி இன்னும் ஆடுதேய்யா?"

உண்மைதான். பின் பெஞ்சு கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். பேச்சியம்மாள் கம்பளிக்குள் சுருண்டு பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாள். பெஞ்சின் ஆணி அவளோடு சேர்ந்து ஆடியது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. இடது விலாவுக்குக் கீழே அழுத்தினேன். மண்ணீரல் வீங்கிக் கல் மாதிரி நின்றது. இது நேற்று வந்த காய்ச்சல் இல்லை.

"எத்தனை நாளா?"

"ஒண்ணுவிட்டு ஒருநா வருது. ஒரு மாசம் ஆச்சு."

"ஆஸ்பத்திரிக்கு ஏன் வரல?"

"வந்தா நீங்க நோட்டைப் பாப்பீயல்லா."

எனக்கு உடனே புரியவில்லை. அவளே சொன்னாள், பல் நடுங்க நடுங்க.

"நான் குடிக்கவே இல்ல, டிரெசரய்யா. கம்பளிக்குள்ள ஊத்திக்கிடுவேன். நீங்கதான் பழமொழி கேட்டா கண்ணை மூடிக்கிடுவீயள்ல. நல்ல பழமொழியாச் சொன்னா ரொம்ப நேரம் மூடிக்கிடுவீய."

நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழமொழி சொல்ல விழுங்கியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு. வாய்க்குள்ளேயே போகாத தண்ணீரை யார் விழுங்க வேண்டும்? மழைக் காலத்தில் கம்பளி நனைந்திருப்பதை யார் சந்தேகப்படுவார்கள்?

"ஏன் பேச்சி இப்படிச் செஞ்சே? கசப்புக்கா?"

"கசப்பு கெடக்கு. அதைக் குடிச்சா ரெண்டு நாளு காதுக்குள்ள சில்வண்டு கத்துது. ஒருத்தர் பேச்சும் கேக்கமாட்டங்கு. நெரையில எல்லாவளும் சிரிக்காளுவ, நான் மட்டும் என்ன என்னன்னு கேட்டுக்கிட்டு நிக்கணும். பேச்சுக் கேக்காம எப்படி இருக்கது?"

அவளை அதட்ட வாயெடுத்தேன். பேச்சுக்காக ஒருத்தி மருந்தைக் கொட்டினாள். பேச்சுக்காக ஒருத்தன் கண்ணை மூடினான். யார் யாரை அதட்டுவது?

ஊருக்குப் போக இன்னும் ஒன்றரை நாள். கம்பத்தில் இறங்கி இரண்டு வண்டி மாற வேண்டும். அடுத்த குளிர் ஏதாவது மரத்தடியில் வரும். பையைக் கழற்றி வீரணனிடம் நீட்டினேன்.

"என்னாய்யா இது? டிக்கெட்டுக் குடுக்கிற ஆளு டிக்கெட்டு வாங்கின ஆளோட எறங்கிப் போனா, நான் எப்பிடிய்யா பஸ்ஸ ஓட்டுறது?"

"நீங்கதான ஓட்டிக்கிட்டு வந்தீங்க."

"கீழ கம்பத்துல ஆஸ்பத்திரி இல்லையா?"

"இருக்கு. அந்த ஆஸ்பத்திரி நோட்டுல இவ பேரு இல்ல. எங்க நோட்டுல இருக்கு. குடிச்சான்னு என் கையாலதான் எழுதியிருக்கேன்."

வீரணன் கூடிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "நீ உருப்பட மாட்டய்யா" என்றார். பிறகு அவரே போய், வண்டிப்பெரியாற்றுக்கு அரிசி ஏற்றிப் போகிற மாட்டு வண்டி ஒன்றை நிறுத்தி, மூட்டைகளுக்கு நடுவில் அவள் படுக்க இடம் பண்ணிக் கொடுத்தார்.

வண்டியில் குளிர் நின்று வேர்வை வந்தது. பாதி வழியில், "அந்தக் கம்பளியில இந்த வருசம் ஒரு அட்டை ஏறல, டிரெசரய்யா" என்றாள்.

அவளைப் படுக்கையில் சேர்த்து முதல் வேளை மருந்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். சண்முகவடிவு மோந்து பார்த்தாள். "டிஞ்சரும் இல்ல, பெட்ரோலும் இல்ல. எங்க போயிருந்தீய?"

"அரிசி வண்டியில."

அவள் சோறு போட்டாள்.

டாக்டர் கேட்டது

புதன்கிழமை டாக்டர் வந்தார். நோட்டைப் பார்த்தார். ஒரு வேளைகூட விடாமல் குடித்தவளுக்கு எப்படிக் காய்ச்சல் வந்தது? கொயினாவில் கலப்படம் என்று கம்பெனிக்குக் காகிதம் எழுத உட்கார்ந்துவிட்டார். பேனா மையில் இறங்குவதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"அவ குடிக்கல சார். நான் கண்ணை மூடிட்டேன்."

எதற்கு என்று கேட்டார்.

"பழமொழிக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் மலையாளத்தில்தான் வரும். நான் கண்டக்டராகப் போயிருந்தால் ரொம்ப நல்லதாக இருந்திருக்கும் என்று மலையாளத்தில் சொன்னார். நோட்டில் இருந்த 'குடித்தாள்' அத்தனையையும் சிவப்பு மையால் என்னையே அடிக்கச் சொன்னார். அடித்தேன். பக்கம் பக்கமாக வந்தது.

வேலையை விட்டேனா என்று கேட்பீர்கள். விடவில்லை. பிடித்ததா என்றால், அதுவும் இல்லை. பிடிக்காமலேயே இன்னும் பதினோரு வருஷம் பார்த்தேன். பிடிக்காத வேலையைக் கண்ணைத் திறந்துகொண்டு செய்யலாம். எனக்கு ஆபத்தாக இருந்தது அதில் பிடித்த இடம்தான். மைத்துனர் வீட்டில் அடுத்த விசேஷத்துக்கும் போனோம். கரண்டி என் கைக்கு வரவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பேச்சியம்மாள் மூன்று வாரம் படுத்து எழுந்தாள். எழுந்த வாரமே கொயினா வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றாள். கம்பளியைத் தலையிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டியிருந்தாள். கிளாஸை வாங்கினாள். நான் கண்ணை அகலத் திறந்துகொண்டு அவள் கழுத்தையே பார்த்தேன். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. இன்னொரு முறை. மூன்றாவது முறை. கிளாஸைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு ஒரு பழமொழி சொன்னாள்.

பின்னால் நின்ற அத்தனை பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். கங்காணிகூடச் சிரித்தார். அவள் இத்தனை வருஷம் சொன்னதிலேயே அதுதான் சிறந்தது என்று பிறகு பலர் சொன்னார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னார்கள். நான் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு அது காதில் விழவில்லை.

சாயந்திரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவளையே பிடித்துக் கேட்டேன். "காலையில என்ன சொன்னே பேச்சி?"

அவள் என் வாயசைவைப் பார்த்தாள். காதுக்கு நேரே விரலைச் சுழற்றி, உள்ளே வண்டு கத்துகிறது என்று காட்டினாள். பிறகு தேவைக்கு மேல் சத்தமாக, தோட்டமே திரும்பிப் பார்க்கச் சொன்னாள்:

"எனக்கே கேக்கலியே, டிரெசரய்யா!"